கோமாரி மாற்றும் முகம்



மாட்டுக்குக் கோமாரி கண்டால் வாயில் எச்சில் நூலாய் வழியும், குளம்பிடுக்கில் புண் வெடிக்கும், தீவனத்தைத் தொடாது. காரணம், ஓர் ஆர்.என்.ஏ. வைரஸ்.

அதன் மரபுச் செய்தி மொத்தமே சுமார் 8,400 எழுத்துகள். அதைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. பெரும்பாலான பிழைகள் வைரஸுக்கே கேடு. ஆனால், மேலுறைப் புரதத்தில் விழும் சில பிழைகள் அதன் முகத்தையே மாற்றிவிடும். மாட்டின் எதிர்ப்புச் சக்திக்கு அடையாளம் தெரியாது.

இப்படிக் கிளைத்தவை ஏழு வகைகள். ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது. அதனால்தான் நம் நாட்டில் ஓ, ஏ, ஆசியா-1 மூன்றுக்கும் சேர்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போடுகிறார்கள்.

அடுத்த முகாமுக்கு மாட்டை மறக்காமல் ஓட்டிச் செல்லுங்கள். வாயில்லா ஜீவனுக்கு நாம்தானே காவல்!