ஏடு தேடியவரும் எங்கள் மாணவரும்



சிந்தித்தல், சிந்தித்ததைத் தெளிவாக உரைத்தல், ஆராய்ந்து உண்மை காணுதல் ஆகிய மூன்றும் இன்று தனித்தனித் திறன்களாகப் பேசப்படுகின்றன. உத்தியோகத்தில் உயர்வதற்கும் அவை வேண்டும் என்கின்றனர். வேண்டியனவே. ஆயினும் மூன்றும் ஒன்றையொன்று பிரியாதவை என்பதை ஒரு பெரியாரின் வேலையைக் கொண்டு காட்ட விரும்புகின்றேன்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். அவர் பழைய ஏடுகளைத் தேடிப் பெற்று, 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடும், 1881இல் வீரசோழியத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார்.

ஏட்டைப் பார்த்து அச்சிடுவதில் ஆராய்ச்சி எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இராது. 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் ஒரே தோற்றத்தில் நிற்கும். 'பொது', 'போது' என்பனவும் அவ்வாறே. எழுதினவர் கையால் நேர்ந்த பிழைகள் ஒருபுறம், செல்லரித்த இடங்கள் ஒருபுறம். யாப்பையும் பொருளையும் முன்னும் பின்னும் வருஞ் சொற்களையும் எண்ணிப் பார்த்தே, இவ்விடத்துக்கு இச்சொல்லே பொருந்தும் எனத் துணிதல் வேண்டும். அதற்கும் ஓர் ஏடு போதாது. பல இடத்து ஏடுகளை ஒப்பு நோக்கவேண்டும். அவ்வாறு துணிந்தவர் அத்தோடு நின்றுவிடவில்லை. ஏடுகள் இருந்த நிலையையும் தாம் பட்ட இடர்களையும் பதிப்புரைகளில் வாசகர்க்கு எடுத்துரைத்தார்.

இவற்றையெல்லாம் வகுப்பிலே பன்முறை சொல்லியிருக்கின்றேன். சொன்ன நானே ஒருமுறை தவறினேன்.

ஊர்க் குளத்தின் வரலாற்றை எழுதி வருமாறு மாணவரைப் பணித்திருந்தேன். ஒரு மாணவி முதியோர் இருவரிடம் கேட்டாள். குளம் வெட்டியவர் இன்னார் என அவர்கள் வெவ்வேறு பெயர் சொன்னார்கள். பழைய உறுதி ஒன்றையும் தேடிப் பார்த்தாள். அதில் இரு பெயருமில்லை. மூன்றையும் எழுதி, எது சரியென்று தன்னால் துணிய முடியவில்லை என முடித்திருந்தாள். முடிவுரை இல்லையென்று புள்ளிகளைக் குறைத்தேன். மற்றொரு மாணவன் அழகான நடையில் ஐயத்துக்கிடமின்றி எழுதியிருந்தான். அவனுக்கே கூடிய புள்ளிகள் கிடைத்தன.

சில நாட்களின் பின் கோயில் மலரொன்றைப் புரட்டியபோது அதே கட்டுரையைக் கண்டேன். மலரிலிருந்த அச்சுப்பிழையும் மாணவனின் கொப்பியில் அப்படியே இருந்தது! ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதப்பட்டமையைப் பிழையொப்புமை கொண்டு காணும் முறை, ஏட்டாராய்ச்சி செய்யாத எனக்கும் அன்று கைகொடுத்தது.

மாணவனைத் தனியே அழைத்துப் பேசினேன். அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. மாணவியின் கொப்பியைத் திரும்பப் பெற்று, நான் இட்ட புள்ளிகளைத் திருத்தி, தவறு என்னுடையதே என்றும் சொன்னேன். அவள் மகிழ்வாள் என எண்ணினேன். அவளோ சற்று யோசித்து, "அப்படியானால் பரீட்சையிலும் இவ்வாறு எழுதலாமா, ஐயா?" என்று கேட்டாள்.

என்னால் உடனே விடை கூற முடியவில்லை. பரீட்சை விடைத்தாள்களைத் திருத்துவோருள் நானும் ஒருவன்.