பிரித்தானியாவை விட்டுப் புறப்படும் முன்

(பிரித்தானியாவில் வாழ்ந்து, பின்னர் வேறு நாடுகளிற் குடியேறிய பழைய மாணவிகளின் சார்பில் நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்த மண்ணை விட்டு இலண்டனுக்குப் போனவர்கள் நாங்கள். அங்கே வேலை பார்த்து, பிள்ளைகளை வளர்த்து, ஓய்வு பெற்ற பின்னர் இரண்டாந்தரம் பெட்டி கட்டினோம். சிலர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினோம். சிலர் பிள்ளைகளின் பின்னால் ரொறன்ரோவுக்கும் மெல்பேர்ணுக்கும் போனோம். முதற்றரம் போகும்போது கையில் ஒரு சூட்கேசும் இரவல் கோட்டும்தான். இரண்டாந்தரம் ஓய்வூதியம், வீடு, வைத்தியம் என்று கணக்குப் பார்க்க நிறைய இருந்தது. இப்போது பிரித்தானியாவில் இருந்துகொண்டு "போவோமா, விடுவோமா" என்று யோசிக்கும் சகோதரிகள் பலர். அவர்களுக்காகவே இந்தப் பேச்சு.

முதலில் ஓய்வூதியம். பிரித்தானிய அரச ஓய்வூதியம் எந்த நாட்டுக்கும் வரும். ஆனால் ஒவ்வொரு ஏப்ரலும் கூட்டும் தொகை எல்லா நாட்டுக்கும் வராது. இலங்கை, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா ஆகிய நாடுகளில் வசிப்பவருக்கு, அவர் போன அன்று இருந்த தொகை அப்படியே உறைந்து நிற்கும். 2016 இல் முழுப் புதிய ஓய்வூதியம் வாரத்துக்கு 155 பவுண் 65 பென்ஸ். 2025 ஏப்ரலில் அது 230 பவுண் 25 பென்ஸ். 2016 இல் முழுத்தொகையுடன் ரொறன்ரோவுக்குப் போனவர் இன்னமும் அந்த 155 பவுணைத்தான் எடுக்கிறார். நயாகராவைத் தாண்டி அமெரிக்கப் பக்கம் குடியிருந்தால் கூடும். இந்தப் பக்கம் கூடாது. பிலிப்பைன்ஸ், மொரீசியஸ், ஜமேக்கா போன்ற நாடுகளிலும் கூடும். இதில் நியாயம் எங்கே என்று நாங்களும் கேட்டுப் பார்த்தோம். ஒப்பந்தம் உள்ள நாடு, இல்லாத நாடு என்பதுதான் பதில். ஆகவே கணக்குப் போடும்போது இன்றைய தொகையை வைத்து இன்றைய செலவைப் பார்க்க வேண்டாம். எண்பத்தைந்து வயதில், தனியாக, இதே தொகையுடன் இருப்பீர்களா என்று பாருங்கள். எங்களுள் கணவரை இழந்தவர்கள் இருக்கிறோம். கணவர் இருக்கும்போது இரண்டு ஓய்வூதியம் ஒரு வீட்டுக்கு வந்தது. அவர் போனபின் ஒன்றுதான்; அதுவும் உறைந்தது.

போக முன்னர் உங்கள் தேசிய காப்புறுதிப் பதிவை எடுத்துப் பாருங்கள். புதிய ஓய்வூதியத்தில் ஏதும் கிடைக்க வழக்கமாக 10 வருடம் வேண்டும். முழுத்தொகைக்கு 35 வருடம். இங்கே பெண்களுக்கு ஒரு முக்கியமான விஷயம் உண்டு. 1978 முதல் 2010 வரை, வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்து, சிறுவர் கொடுப்பனவைத் தன் பெயரில் எடுத்த தாய்மாருக்கு அந்த வருடங்களுக்கும் பாதுகாப்பு இருந்தது. ஆனால் 2000 மே மாதத்துக்கு முன் அந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்த பலரின் படிவத்தில் காப்புறுதி இலக்கம் எழுதப்படவில்லை. அதனால் அந்த வருடங்கள் பதிவில் ஏறாமலே போயின. இப்போதும் விண்ணப்பித்துத் திருத்தலாம். "நான் வேலைக்குப் போகவில்லை, எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கும் அக்காமாருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வைத்தியம் பற்றிச் சுருக்கமாக. என்.எச்.எஸ். உரிமை கடவுச்சீட்டில் இல்லை, நீங்கள் கட்டிய வரியிலும் இல்லை. வழமையாக அங்கே வசிப்பதில்தான் இருக்கிறது. குடிபெயர்ந்தபின் விடுமுறைக்குப் போய் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வரலாம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வைத்தியப் பதிவின் பிரதியை வாங்குங்கள். குளிசைகளின் பெட்டிப் பெயரை விட்டு மருந்தின் பெயரை எழுதி வையுங்கள்; பெட்டிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்.

பிள்ளைகளிடம் போகிறவர்கள் விசாவை விளங்கிக்கொள்ள வேண்டும். கனடாவின் சூப்பர் விசாவில் ஒரு தரம் போனால் 5 வருடம் வரை நிற்கலாம். ஆனால் குறைந்தது ஒரு லட்சம் டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும், அது நிரந்தர வதிவும் அல்ல. அவுஸ்திரேலியாவில் பெற்றோருக்கான சாதாரண விசாவின் வரிசை பல பத்து வருட நீளம். பணம் கட்டிப் போகும் விசாவுக்கு ஆளொருவருக்கு நாற்பதினாயிரம் டொலருக்கு மேல். பொதுவாகப் பிள்ளைகளிற் பாதிப்பேராவது அங்கே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. மகள் மெல்பேர்ணில், இரண்டு மகன்மார் இலண்டனில் என்றால் கஷ்டம்தான்.

இனி ஊருக்குத் திரும்புகிறவர்கள். பிரித்தானியப் பிரஜாவுரிமை எடுத்தபோது இலங்கைப் பிரஜாவுரிமை எங்களில் பெரும்பாலானோருக்குப் போய்விட்டது. இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்து அதை முதலிற் பெறுங்கள். வெளிநாட்டவர் காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரஜைக்கு அந்தத் தடை இல்லை. இதில் அதிகம் அலைக்கழிப்பது பெயர்தான். பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து, பாடசாலைச் சான்றிதழில் இன்னொன்று, பிரித்தானியக் கடவுச்சீட்டில் கணவரின் பெயர் குடும்பப் பெயராக. எல்லாம் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள்.

காணி உறுதியையும் தூசி தட்டிப் பாருங்கள். தேசவழமை உங்களுக்குப் பொருந்துமானால், சீதனமாகக் கிடைத்த காணியையும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இன்றி மனைவி விற்க முடியாது. காணியை வேறொருவர் தன்னுடையதாகவே 10 வருடம் தடையின்றி ஆண்டால் ஆட்சியுரிமை கோர இடமுண்டு. தம்பி குடும்பம்தானே இருக்கிறது என்றாலும், அவர்கள் உங்கள் அனுமதியுடன் இருக்கிறார்கள் என்பதை எழுத்தில் வைத்திருங்கள். இது சண்டைக்கு அல்ல, சண்டை வராமல் இருப்பதற்கு.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்கும் அந்த நாட்களைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில், நுளம்புடன், மின்சாரம் நின்ற இரவில் மூன்று மாதம் இருந்து பாருங்கள். எங்களில் ஒருவர் அப்படி இருந்து பார்த்துவிட்டுத் திரும்ப ஹரோவுக்கே போய்விட்டார். இன்னொருவர் அந்த மழையில்தான் இங்கே நிற்பது என்று தீர்மானித்தார். இரண்டும் சரியான முடிவு என்றே நினைக்கிறோம். ரொறன்ரோ போகிறவர்கள் தை மாதத்தில் போய்ப் பாருங்கள். கார் ஓடத் தெரியாதவர் அங்கே பிள்ளையின் வீட்டுக் கைதிதான்.

இலண்டன் வீட்டை முதல் வருடம் விற்க வேண்டாம். வாடகைக்குக் கொடுங்கள், வெளிநாட்டில் வசிக்கும் வீட்டுக்காரருக்கான வரி ஒழுங்கில் முன்கூட்டியே பதிந்தால் வாடகையில் வரி பிடிக்காமல் முழுத்தொகையாகக் கிடைக்கும். வருமான வரிக் கணக்கைப் பிறகு கொடுக்கலாம். திரும்பிப் போக ஒரு கதவு இருப்பது, குறிப்பாகத் தனித்துப்போன பெண்ணுக்கு, பெரிய தைரியம். பிரித்தானியாவுக்குத் திரும்பிக் குடியேறினால் உறைந்த ஓய்வூதியமும் அன்றைய தொகைக்கு உயரும்.

கடைசியாக ஒன்று. சேலைகள், பாத்திரங்கள், சாமிப்படங்கள் கப்பலில் வரட்டும். உறுதிகள், பிறப்பு, விவாகப் பத்திரங்கள், காப்புறுதிக் கடிதங்கள் எல்லாம் உங்கள் கைப்பையில் வர வேண்டும். எங்களிடம் கேட்க விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளையில் மண்டபத்தின் பின்வாசலடிக்கு வாருங்கள். படிவங்களின் பிரதிகள் அங்கே இருக்கின்றன.