சிலுவைப் பொறியும் முத்திரை மொழியும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



டோம்பிவிலி வாழ் தமிழராகிய நமக்கு வசாய் தொலைவன்று. கோபரில் வண்டி ஏறினால் வசாய் ரோடில் இறங்கலாம். அங்குள்ள கோட்டை, 1534இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷாவிடமிருந்து போர்ச்சுகீசியர் பெற்ற நிலத்தில் எழுந்தது. 1739இல் சிமாஜி அப்பாவின் தலைமையில் மராட்டியர் கைப்பற்றியது. அதன் உட்கோட்டை வாயிலில் அரச கேடயத்தோடு ஒரு சிலுவையும் செதுக்கப்பட்டுள்ளது. அது சமயக் குறி மட்டுமன்று. கிறிஸ்து சபை என்னும் வீரத் துறவியர் சபையின் பொறியுமாகும்.

பொறியும் முத்திரையும் நமக்குப் புதியன அல்ல. திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் இராசேந்திர சோழனின் முத்திரை உண்டு. புலியோடு பாண்டியரின் கயலும் சேரரின் வில்லும் அதில் இடம்பெற்றன. மூவேந்தர் நாடும் தன் குடைக்கீழ் என்று, எழுத்தறியாதானுக்கும் அது உணர்த்திற்று.

மேலை நாட்டு வீரத் துறவியரும் அவ்வாறே பேசினர். 1119ஆம் ஆண்டளவில் எருசலேமில் தோன்றிய டெம்ப்ளர் சபையார், வெள்ளை மேலங்கியில் செஞ்சிலுவை தரித்தனர். ஒரே குதிரையில் இரு வீரர் அமர்ந்திருப்பது அவர்தம் முத்திரை. அது எளிமையையும் உடன்பிறப்பன்பையும் குறிப்பதென்பர். ஆனால் நாளடைவில் சபையிடம் பெருஞ்செல்வம் குவிந்தது. அவர்களிடம் கடன்பட்டிருந்த பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப், 1307இல் அவர்களைச் சிறைப்பிடித்தார். 1312இல் போப்பாண்டவர் சபையைக் கலைத்தார்.

போர்ச்சுகல் நாட்டில் அவர்தம் உடைமையைக் கொண்டு 1319இல் கிறிஸ்து சபை நிறுவப்பெற்றது. செஞ்சிலுவையின் நடுவே வெண்சிலுவை அதன் பொறி. அதனைப் பாயில் தாங்கிய கப்பல்களே பின்னர் இந்தியக் கடலுக்கு வந்தன. அவ்வாட்சியில் இப்பகுதிக் கோயில்கள் பல இடிபட்டதையும் வரலாறு மறைக்கவில்லை.

இனி மற்றொரு சபை. எருசலேமில் யாத்திரிகர்க்கு மருத்துவமனை நடத்திய புனித யோவான் சபையைப் போப்பாண்டவர் 1113இல் ஏற்றார். பின்னாளில் இவர்களும் வாளேந்தினர். ரோட்ஸ் தீவிலும் மால்ட்டாவிலும் ஆண்டனர். ஆயினும் இவர்தம் ஈய முத்திரையின் ஒரு புறத்தில் வாளும் இல்லை, குதிரையும் இல்லை. கிடத்தப்பட்ட ஒரு மனித உருவமே உண்டு. நோயாளி என்பர் சிலர். இறந்தவர் என்பர் சிலர்.

1798இல் நெப்போலியன் மால்ட்டாவைக் கைக்கொண்டதும் அவ்வாட்சி மறைந்தது. எட்டு முனை வெண்சிலுவையோ மறையவில்லை. 1877இல் இங்கிலாந்தில் தோன்றிய செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அதனைத் தன் அடையாளமாக்கிக் கொண்டது. இரயில்வேயிலும் ஆலைகளிலும் முதலுதவி பயின்ற நம் அன்பர்கள் அப்பொறியை நன்கறிவர். அடிபட்டவனுக்குக் கட்டுப்போடும் கையில், மதமும் மொழியும் பாராமல் அது இன்றும் வாழ்கிறது.

அன்பர்களே! கோட்டை வாயிற் கல்லில் நின்ற சிலுவையை இன்று காண்போர், ஒழிந்த ஓர் ஆட்சியை எண்ணுகின்றனர். முதலுதவிப் பெட்டியின் மேல் நிற்கும் சிலுவையைக் காண்போர், உதவியை எண்ணுகின்றனர். பொறிக்குப் பொருள் தருவது செதுக்கிய உளியன்று, தாங்கியவரின் செயலே.

பிழைப்புத் தேடி வந்த நமக்குக் கொடியுமில்லை, கோட்டையுமில்லை. ஊரிலிருந்து புதிதாய் வருவோர்க்கு ஓரிடம் காட்டுவதும், அண்டை வீட்டு மராட்டியர் நோயுற்றால் நள்ளிரவிலும் உடன் செல்வதுமே நம் முத்திரை. நம் மக்கள் வேறெதை மறப்பினும் இதனை மறவாதிருப்பாராக!