களரும் உவரும் அறிந்த ஆசிரியர்

(வடபழனியில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வடபழனியில் நின்றுகொண்டு வேளாண்மை ஆசிரியப் பணியைப் பற்றிப் பேசுவது சிலர்க்கு நகைப்பாக இருக்கலாம். இங்கு ஏரும் இல்லை, ஏரியும் இல்லை. ஆனால், அருகிலுள்ள தியாகராயநகர், 1920-களில் மாம்பல ஏரியின் நீரை வடித்து எழுப்பப்பட்டதே. ஒரு மணிநேர நடைத் தொலைவிலுள்ள சைதாப்பேட்டையில்தான் 1868-இல் வேளாண் பள்ளி தோன்றியது. 1906-இல் கோவைக்குப் பெயர்ந்த அந்நிறுவனமே வளர்ந்து, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

அக்கல்வி ஆங்கிலத்தில் நடந்தது. உழவனோ தமிழில் உழுதான். சைதைப் பண்ணையில் இரும்புக் கலப்பைகளை ஓட்டிக் காட்டினர். நம் உழவர் பெரும்பாலோர் அவற்றை ஏற்கவில்லை. உடனே அவர்களை அறியாதவர் என்றனர். 1889-இல் இங்கிலாந்திலிருந்து வந்த வேதியியல் அறிஞர் வோல்க்கர், 1893-இல் வெளிவந்த தம் அறிக்கையில், இந்நாட்டு உழவன் இங்கிலாந்தின் உழவனுக்குத் தாழ்ந்தவன் அல்லன் என்று எழுதினார். வெள்ளையர் ஒருவர் சொன்ன பிறகே நம்மவர் சிலர் அதை நம்பினர் என்பது வேறு கதை!

உழவனுடைய அறிவு அவன் சொல்லில் இருக்கிறது. களர், உவர் என்னும் இரு சொற்களை எண்ணிப் பாருங்கள். நகரத்தார்க்கு இரண்டும் உப்பு நிலமே. உவர்நிலத்தில் கரையும் உப்புகள் மிகுந்திருக்கும். நல்ல நீரைத் தேக்கி வடித்தால் அவை நீங்கும். களர்நிலத்திலோ சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும், மண் இறுகும், நீர் கீழே இறங்காது. வெறும் நீரால் அது திருந்தாது. சிப்சம் இட்டு, அதிலுள்ள சுண்ணத்தால் சோடியத்தை விடுவித்து, அதன் பின்னரே நீரால் வடிக்க வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதலும் துணைசெய்யும். இவ்விரு சொற்களையும் ஒன்றெனக் கற்பிக்கும் ஆசிரியன் மாணவனுடைய தேர்வை மட்டுமா கெடுக்கிறான்? அவன் தந்தையின் நிலத்தையும் கெடுக்கிறான்.

புதுச்சொல் படைப்பதற்கும் இதுவே வழி. நைட்ரசன், பாசுபரசு, பொட்டாசு என்பவற்றைத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்றபோது அவை சிற்றூர் வரை சென்றன. தழையை வளர்ப்பது எது, மணியைத் திரட்டுவது எது, அடுப்புச் சாம்பலில் கிடைப்பது எது என்பதைப் பெயரே கற்பித்துவிடுகிறது. (சத்து என்பதினும் ஊட்டம் என்பதே நல்ல தமிழ் என்பார் கூற்று சரியே, தழையூட்டம் என்றே எழுதலாம்.)

இப்பணிக்கு வரும் வழி அரிதன்று. 1978-இல் மேனிலைக் கல்வி வந்தபோது தொழிற்பிரிவில் வேளாண்மையும் இடம்பெற்றது. அதனைக் கற்பிக்க வேளாண் பட்டம் வேண்டும். பள்ளிக்கு வெளியேயும் இடம் உண்டு: இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கிற்று. உழவர்க்குப் பயிற்சி தருவதே அதன் வேலை. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையப் பணியை விட்டு வெளியேறிய நம்மாழ்வார், 2013-இல் மறையும் வரையில் ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். அவர்க்கு வகுப்பறையே வரப்புதான்.

ஆயினும் ஒரு கவலை உண்டு. வேளாண் ஆசிரியர் ஓய்வு பெற்றபின் அவ்விடம் நிரப்பப்படாமல், பிரிவே மூடப்பட்ட பள்ளிகள் உள்ளன. உழவர்வீட்டுப் பிள்ளை பதினாறு அகவையில் தன் மண்ணைப் பாடமாகக் காணும் வாய்ப்பு அங்கெல்லாம் அற்றுப்போயிற்று. மற்றொரு பக்கத்தில், 2021-இல் வேளாண் பட்டப்படிப்பு தமிழ்வழியிலும் தொடங்கப்பெற்றது. அவ்வாறு பயின்றவர்களைத் தேடிப்பிடித்து, இந்த வெற்றிடங்களில் முதலில் அமர்த்த வேண்டும் என்று அரசைக் கேட்க வேண்டியவர்கள் நாம். அவ்வழியில் செல்ல விரும்பும் இளைஞர், விடுமுறையில் ஒரு பட்டத்திற்கேனும் நாற்றங்கால் முதல் களம் வரை ஓர் உழவரின் பின்னால் நடந்து, அவர் வாய்ச்சொற்களை ஏட்டில் எழுதிக்கொண்டு வரட்டும்.