தக்காளியை வாட்டும் பங்கசு

காய்க்கத் தொடங்கிய தக்காளிச் செடியொன்றின் அடியிலைகள் ஒரு பக்கத்தில் மட்டும் மஞ்சளிக்கின்றன. நண்பகலிற் செடி துவள்கின்றது. மாலையிற் சிறிது நிமிர்கின்றது. சில நாட்கள் சென்றபின் மாலையிலும் நிமிர்வதில்லை. நீர் போதாதென்று எண்ணித் தோட்டக்காரர் மேலும் இறைக்கின்றார். நிலம் ஈரமாகவே இருக்கின்றது. செடியோ தாகத்தால் இறப்பது போல இறக்கின்றது. அதன் தண்டை அடியில் நீளவாக்கிற் பிளந்து பார்த்தால், தோலுக்குச் சற்று உள்ளே கபில நிறக் கோடுகள் ஓடுவதைக் காணலாம். வேர் உறிஞ்சிய நீரை இலைக்கு ஏற்றும் காழ்க் குழாய்களே அவ்வாறு நிறம் மாறிக் கிடக்கின்றன.

பற்றீரியாவினால் உண்டாகும் வாடல் நோயும் ஒன்றுண்டு. அதில் இலை மஞ்சளிக்குமுன் பச்சையாகவே செடி சாய்ந்துவிடும். வெட்டிய தண்டை ஒரு குவளை நீரிற் பிடித்தால் பால் போன்ற கசிவு இறங்கும். இங்கு சொல்ல வந்தது அதுவன்று. இது பியூசேரியம் ஒட்சிஸ்போரம் என்னும் பங்கசு செய்யும் வேலை.

இப்பங்கசு மண்ணில் வாழ்வது. வேரின் வழியாக உட்புகுந்து, காழ்க் குழாய்களை அடைந்து, மேலேறும் நீரோடு தன் வித்திகளையும் அனுப்புகின்றது. செடி இறந்தபின் தடித்த சுவருடைய வித்திகளை உண்டாக்கி, மண்ணிற் பல்லாண்டு காலம் உறங்கிக் கிடக்க வல்லது. ஒரு முறை நோய் கண்ட நிலத்தைப் பின்னர் மருந்திட்டுத் தூய்மையாக்குவது பெரும்பாலும் ஆகாத காரியம். ஆகவே, நோயை எதிர்க்கும் செடியைத் தேடுவதே விவசாயிக்கு எஞ்சிய வழியாயிற்று. அவ்வழியிற் சென்றவர்களே பங்கசின் பரம்பரை இரகசியங்களையும் கண்டறிய வேண்டியவராயினர்.

இதில் முதற் புதிர் ஒன்றுண்டு. தக்காளியைக் கொல்லும் பங்கசு பருத்தியை ஒன்றும் செய்வதில்லை. பருத்தியைக் கொல்வது வாழையைத் தொடுவதில்லை. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தாலோ எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். 1940ஆம் ஆண்டில் அமெரிக்கரான சினைடர், ஹான்சன் என்னும் இருவர் இவை அனைத்தையும் ஒரே இனமாகக் கொண்டு, தாக்கும் பயிரை வைத்துச் சிறப்புருவங்களாகப் பிரித்தனர். அப்பிரிவு நடைமுறைக்கு உதவிற்று. ஆயினும் பின்னர் ஆராய்ந்தபோது, தக்காளியைத் தாக்குவன யாவும் ஒரே தாயின் வழிவந்தவை அல்ல என்பது தெரியவந்தது. வெவ்வேறு குடிவழிகளைச் சேர்ந்த பங்கசுகள் ஒரே தீய வித்தையைக் கற்று வைத்திருந்தன. இப்பங்கசில் இலிங்கமுறை இனப்பெருக்கத்தை இதுவரை எவரும் கண்டதில்லை. மணவுறவு இல்லாத குடும்பங்களிடையே ஒரே சீதனம் எவ்வாறு கைமாறிற்று?

விடை ஒல்லாந்திலிருந்து வரத் தொடங்கிற்று. அம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ரெப் என்பாரும் அவருடைய கூட்டாளிகளும் நோயுற்ற தக்காளியின் காழ்ச்சாற்றை எடுத்து, அதிற் பங்கசு சுரந்துவிட்ட சிறு புரதங்களைத் தேடிப் பிடித்தனர். அப்புரதங்களுக்கான பரம்பரையலகுகள் தக்காளியைத் தாக்கும் பங்கசுகளில் மட்டும், ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து மாறாமல் இருந்தன. மண்ணில் வாழும் தீங்கற்ற உறவினங்களில் அவை இல்லை.

2010ஆம் ஆண்டில் ஒரு பன்னாட்டுக் குழுவினர் தக்காளிப் பங்கசின் பரம்பரைப் பொருள் முழுவதையும் படித்து, சோளத்தையும் கோதுமையையும் தாக்கும் அதன் உறவினங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். அதன் 15 நிறமூர்த்தங்களுள் நான்கு, வேறு சில துண்டுகளோடு, அப்பங்கசுக்கே உரியனவாக இருந்தன. மொத்தப் பரம்பரைப் பொருளில் அவை ஏறக்குறைய நாலிலொரு பங்கு. காழ்ச்சாற்றிற் கண்ட புரதங்களுக்கான அலகுகள் பெரும்பாலும் 14ஆம் நிறமூர்த்தத்தில் அமர்ந்திருந்தன.

அதன்பின் அவர்கள் செய்த சோதனை எளிமையானது. அதன் பயனோ பெரிது. தக்காளியைக் கொல்லும் பங்கசின் 14ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு மருந்தைத் தாங்கும் அடையாளத்தைப் பொருத்தினர். நோய் செய்யாத வேறொரு பங்கசுக்கு மற்றொரு மருந்தைத் தாங்கும் அடையாளத்தைக் கொடுத்தனர். இரண்டையும் ஒரே தட்டில் அருகருகே வளரவிட்டு, பின்பு அவற்றின் வித்திகளை இரு மருந்துகளும் கலந்த ஊடகத்தில் விதைத்தனர். தனித்தனியே எதுவும் அங்குப் பிழைத்தல் இயலாது. சில பிழைத்தன. பிழைத்தவற்றில் நோய் செய்யாத பங்கசின் உடலும், கொலைகாரப் பங்கசின் 14ஆம் நிறமூர்த்தமும் ஒருங்கே இருந்தன. அவற்றைத் தக்காளி வேருக்குக் காட்டியபோது செடிகள் வாடின. முழு நிறமூர்த்தமொன்று அயலான் வீட்டுக்குக் குடிபெயர்ந்து, அவ்வீட்டின் குணத்தையே மாற்றிவிட்டது.

அந்த நோய் செய்யாத பங்கசு யாதென்று அறிந்தால் நேயர்கள் வியப்படைவர். பிரான்சின் தென்பகுதியில் ஷாத்தோரெனார் என்னுமிடத்து மண்ணில் வாடல் நோய் எளிதிற் பரவுவதில்லை. அம்மண்ணிலிருந்து பிரித்தெடுத்து, பயிருக்குக் காவலாக இடத்தக்கதென்று பல்லாண்டுகள் ஆராயப்பட்ட எப்.ஓ.47 என்னும் பங்கசே அது. காவற்காரனே கள்வனின் சாவியைப் பெற்றுக்கொள்ளக் கூடுமென்பதை அந்தத் தட்டு காட்டிற்று. வயலில் இது நிகழ்வதை எவரும் நேரிற் பார்த்ததில்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும். எனினும், வெவ்வேறு குடிவழிகளில் ஒரே அலகுகள் மாறாமல் இருப்பதற்கு இதனிலும் பொருத்தமான விளக்கம் வேறில்லை.

இனிச் செடியின் பக்கம் பார்ப்போம். பயிரின் எதிர்ப்பலகு ஒவ்வொன்றுக்கும் ஈடாக நோய்ப் பங்கசிலும் ஓர் அலகு உண்டென்பதை, 1940களில் வட டகோட்டாவில் ஆளிச்செடியின் துருநோயை ஆராய்ந்த புளோர் நிறுவினார். தக்காளி வாடல் நோயிலும் அவ்வாறே. காட்டுத் தக்காளியொன்றிலிருந்து பெற்ற எதிர்ப்பலகைக் கொண்டு ‘பான் அமெரிக்கா’ என்னும் வகை 1941இல் வெளியாயிற்று. 1945இல் ஒகாயோ மாநிலத்தில் அந்த எதிர்ப்பை வென்ற இரண்டாம் வகுப்புப் பங்கசு கண்டறியப்பட்டது. இரண்டாவது எதிர்ப்பலகைத் தேடிச் சேர்த்தனர். 1970களின் இறுதியில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மூன்றாம் வகுப்பு எழுந்தது.

வென்றது எவ்வாறு? முதலாம் எதிர்ப்பலகு, பங்கசின் ஒரு குறித்த புரதத்தைக் கண்டு செடியை எழுப்புகின்றது. இரண்டாம் வகுப்பு அப்புரதத்தையே கைவிட்டுவிட்டது. திருடன் சத்தமிடும் செருப்பைக் கழற்றி எறிந்தது போல இதனைக் கொள்ளலாம். இரண்டாம் எதிர்ப்பலகு கண்டுபிடிக்கும் புரதமோ, நோயை நன்கு உண்டாக்குவதற்கு வேண்டியது. அதை எறிந்துவிட முடியாது. ஆதலால் மூன்றாம் வகுப்பு அப்புரதத்தில் ஒரேயோர் அமினோவமிலத்தை மட்டும் மாற்றிக்கொண்டது. வேலை கெடவில்லை, அடையாளம் மட்டும் மறைந்தது.

முதலிற் சொன்ன புரதம் எறியத்தக்கதாயின் பங்கசு அதை ஏன் சுமந்து திரிந்தது? 2008இல் அம்ஸ்ரடாம் குழுவினர் விடை கண்டனர். அப்புரதம் இரண்டாம், மூன்றாம் எதிர்ப்பலகுகளின் வேலையை அடக்குகின்றது. ஆகவே, முதலாம் அலகு பழையதாகிவிட்டது, இனி வேண்டாம் என்று கழித்துவிட்டுப் புதிய அலகுகளை மட்டும் வைத்திருக்கும் தக்காளி, பழைய வகுப்புப் பங்கசுக்கு இரையாகும். பயிர் விருத்தியாளர் பழையதைப் புதியதோடு சேர்த்தே வைக்கவேண்டியவராயினர்.

தக்காளிக்கு விதை உண்டு, கலப்புச் செய்யலாம். வாழையின் நிலை வேறு. குயின்ஸ்லாந்தில் 1876இல் பான்கிராப்டு என்னும் மருத்துவர் முதன்முதல் விவரித்த வாழை வாடல் நோய், பின்னர் மத்திய அமெரிக்காவில் ‘குரோ மிசேல்’ தோட்டங்களை அழித்தது. தமிழ்நாட்டின் இரஸ்தாளியும் இந்நோய்க்கு எளிதில் ஆட்படுவதே. குரோ மிசேலின் இடத்தை எடுத்த கவெண்டிசு வாழை அந்தப் பழைய வகுப்பைத் தாங்கிற்று. நான்காம் வெப்பவலய வகுப்பு என்பதை அது தாங்கவில்லை. அவ்வகுப்பு ஆசியாவிலிருந்து புறப்பட்டு 2019இல் கொலம்பியாவிலும், 2021இல் பெருவிலும் காணப்பட்டது. கவெண்டிசு விதையற்றது, கன்றினாற் பெருகுவது. ஒரு தோட்டத்து வாழைகள் யாவும் பரம்பரையில் ஒன்றேயாதலின், ஒன்றைத் திறக்கும் சாவி எல்லாவற்றையும் திறக்கும்.

அவுஸ்திரேலியாவில் ஜேம்ஸ் டேல் என்பாரின் குழுவினர் காட்டு வாழையின் எதிர்ப்பலகொன்றைக் கவெண்டிசுவினுட் செலுத்தி, அந்நாட்டின் வடபகுதியில் நோய் கண்ட நிலத்திலேயே மூன்றாண்டுகள் நட்டுப் பார்த்தனர். செலுத்தப்பட்ட வகைகளுள் ஒன்று நோயின்றி நின்றது. 2024 பெப்ரவரியில் அத்தகைய வாழையை வளர்க்கவும் உண்ணவும் அந்நாட்டில் அனுமதி கிடைத்தது. கவெண்டிசுவிலும் அதே அலகு முன்னரே இருந்தது. ஆனால் அது மிக மெலிதாக, ஏறக்குறைய உறக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து கொண்டுவராமல், உள்ளே உறங்கும் அதனை எழுப்ப முடியுமா என்றே அக்குழுவினர் இப்போது முயல்கின்றனர்.