செவி கொடுத்தலும் ஓர் அறமே

(மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மீன்பாடும் தேன்நாட்டிற் பிறந்த நமக்கு ஒரு காட்சி புதியதன்று. பூரணை இரவில் வாவியின் இசையைக் கேட்கச் செல்வோர் தோணியை நிறுத்துவர், பேச்சை நிறுத்துவர், துடுப்பை நீரில் இறக்கி அதன் மறுமுனையிற் காதை வைப்பர். உளவளத்துணை என்னும் பணியும் இத்தகையதே.

சென்ற ஆண்டு விடுதியில் எம்முடன் இருந்த நண்பர் ஒருவர் உணவையும் பேச்சையும் குறைத்துக்கொண்டார். மிஷன் பாடசாலையிற் படித்துப் பிரசங்கம் கேட்டுப் பழகிய நாம், அவருக்கும் பிரசங்கமே செய்தோம். “உமக்கு என்ன குறை?” என்றோம். அவர் மேலும் ஒடுங்கினார். பின்னர் ஒரு மாலை, எம்முள் ஒருவர் அவரருகே நெடுநேரம் பேசாதிருந்து, “உயிரை விடும் எண்ணம் உண்டா?” என்று நேரே வினவினார். நண்பர் அழுதார், பேசினார், மறுநாள் எம்முடன் வைத்தியரிடம் வந்தார். அவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தை விதைப்பதன்று, மறைந்து கிடப்பதை வெளிக்கொணர்வதே என்று அன்று அறிந்தோம்.

நமது மட்டக்களப்பிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 1996 ஆம் ஆண்டில் யேசுசபைத் துறவியும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும், கனடாக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினர். போர் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் களிமண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் தம் மனத்தைத் திறந்தனர். வாய் சொல்ல இயலாததைக் கை சொல்லிற்று.

1995 இல் நம் நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தம்முயிரை மாய்த்தனர். கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்படவே, அத்தொகை பெரிதும் குறைந்தது. அந்தக் கொடிய கணத்தைக் கடக்க உதவினால் மனிதன் பிழைப்பான் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? 1998 இல் தற்கொலை முயற்சி குற்றமன்று எனச் சட்டமும் மாறிற்று. சட்டம் விட்ட பழியை ஊர் சுமத்தலாமா?

பெரியோர்களே, வாடிய பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள்; வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். திருநீறு இடும் கை வைத்தியசாலைக்கும் வழி காட்டட்டும்.

இளைஞர்களே, நம்பிச் சொன்னதை ஊரில் உரைக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தெனின் மறைக்காதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை நினைவில் வையுங்கள்.

இம்மன்றம் வாரத்தில் ஒரு மாலையையேனும் செவிகொடுக்கும் பணிக்கு ஒதுக்கவேண்டும். நம்முட் சிலர் அதற்கு முறையான பயிற்சி பெறவேண்டும் என்பதே எமது வேண்டுகோள். மீனுக்குச் சாய்க்கும் காதை மனிதனுக்கும் சாய்ப்போமாக.