ஓமக்குளமும் அண்ணாமலை நகரும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்லூரி நகரில் கழிந்த நாள்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். ஐம்பத்தைந்து வயதான தலைமையாசிரியனிடம் இத்தகைய தலைப்பைக் கொடுப்பது ஆபத்தானது; மணி அடித்தாலும் நிறுத்தமாட்டான். ஆயினும் கூடியவரை சுருக்கிக்கொள்கிறேன்.

நான் 1988 முதல் 1991 வரை சிதம்பரத்தில் வரலாற்றில் இளங்கலை பயின்றேன். சிதம்பரம் என்றவுடன் வெளியூராருக்கு நான்கு கோபுரங்களும் தேரோடும் வீதிகளும் நினைவுக்கு வரும். அங்கே மாணவனாக இருந்தவனுக்கோ இருப்புப்பாதைதான் முதலில் நினைவுக்கு வரும். அதற்கு மேற்கே கோயிலூர், கிழக்கே அண்ணாமலை நகர். அந்நாளில் அது மீட்டர்கேஜ் பாதை. மாயவரம் பாசஞ்சர் வந்து நின்றால், கையில் நோட்டுப் புத்தகமும் தோளில் துணிப்பையுமாக ஒரு கூட்டம் இறங்கி ஓடும். இன்று அது அகலப்பாதையாகிவிட்டது.

அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரி வளர்ந்து, 1929இல் பல்கலைக்கழகமாயிற்று. 2013இல் தனிச் சட்டத்தின் வழியே அரசு அதன் பொறுப்பை ஏற்றது. வகுப்புக்குப் போகும்போதெல்லாம், 1965 சனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான மாணவர் இராசேந்திரனின் சிலையைக் காண்போம். மாலையில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில் இருவராக ஊர் சுற்றுவோம். கையில் காசு இருந்த நாளில் கத்திரிக்காய்க் கொத்சுவோடு இட்டிலி உண்டு. அந்தக் கொத்சுவின் சுவையை வேறெந்த ஊரிலும் நான் கண்டதில்லை. என் இல்லத்தரசியார் இங்கே அமர்ந்திருப்பதால் இதற்கு மேல் விரிக்கவில்லை.

இவை அங்கே பயின்ற எவரும் சொல்லக்கூடியவை. நம்மவர் மட்டுமே சொல்லக்கூடிய நினைவுகளும் உண்டு. அவற்றை நாமே சொல்லாவிட்டால் அந்த ஊரின் கதை பாதியாகவே நின்றுவிடும்.

முதலாண்டில் விடுதியில் இடம் கிடைக்காத நாங்கள் மூவர் வீடு தேடி அலைந்தோம். எந்தத் தெரு என்று பெயர் சொல்ல விரும்பவில்லை. திண்ணையில் இருந்த பெரியவர் அன்பாகவே பேசினார். வாடகையைச் சொன்னார், கிணற்றைக் காட்டினார். பிறகு, "தம்பி, உங்க ஊர்லே எந்தத் தெரு?" என்று கேட்டார். சொன்னோம். "நேத்தே ஒருத்தர் அச்சாரம் குடுத்துட்டாரு, மறந்தே போயிட்டேன்" என்றார். அன்று ஒரே மாலைப்பொழுதில் நான்கு வீடுகளுக்கு அச்சாரம் கொடுக்கப்பட்டிருந்ததாக அறிந்தோம்! ஐந்தாவது வீட்டிற்குப் போக எங்களுக்குக் கால் வரவில்லை.

அன்றிரவு எங்களைத் தம் அறையில் படுக்க வைத்தவர் எங்களுக்கு மூத்த மாணவர் ஒருவர். ஓமக்குளத்து நந்தனார் பள்ளியில் படித்து வந்தவர். மறுநாள் காலை அவரே எங்களை அங்கு அழைத்துச் சென்று, சுவாமி சகஜானந்தரின் வரலாற்றைச் சொன்னார். 1890இல் ஆரணிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, துறவியாகிச் சிதம்பரம் வந்த அப்பெரியார், 1916இல் நந்தனார் பெயரால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். மீனாட்சி கல்லூரிக்கு நான்கு ஆண்டு முன்னதாக, பல்கலைக்கழகத்திற்குப் பதின்மூன்று ஆண்டு முன்னதாக என்பதை இளைஞர்கள் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 1959இல் மறையும் வரை, சட்டமன்றத்திலும் பள்ளியிலுமாக அவர் உழைத்தார். பாடம் சொல்ல ஆசிரியர் இருந்தால் மட்டும் போதாது, படிக்கும் பிள்ளைக்கு இரவில் படுக்க இடமும் உண்ணச் சோறும் வேண்டும் என்று கண்டு, பள்ளியோடு விடுதியையும் நடத்தினார். நான்கு வீட்டுத் திண்ணைகளைப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு அதன் அருமை விளக்காமலே விளங்கியது.

பின்னர், இருப்புப்பாதைக்கு அப்பால் ஒரு கூரைவீட்டில் இடம் கிடைத்தது. அருகிலே ஓர் அம்மையார் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். எங்கள் கணக்கை எழுத நாற்பது பக்க நோட்டு ஒன்று. உதவித்தொகை வருவதாகச் சொல்லிச் சொல்லி அந்த நோட்டு நிரம்பிவிட்டது. இந்திய அரசின் அந்த உதவித்தொகைத் திட்டம் 1944இலேயே தொடங்கப்பட்டது; நம்மில் பலரைப் பட்டதாரிகளாக்கியது அதுவே. ஆனால் ஆடியில் கொடுத்த விண்ணப்பத்திற்குப் பங்குனியில் பணம் வந்தால், இடைப்பட்ட மாதங்களில் வயிறு என்ன செய்யும்? "பணம் வரும்போது குடு, இப்போ சாப்பிடு" என்பார் அவ்வம்மையார். எல்லோருக்கும் அப்படிச் சொல்ல அவரிடம்தான் என்ன முதல் இருந்தது?

எங்கள் மூவரில் ஒருவன் கணக்கிலும் ஆங்கிலத்திலும் எங்களைவிடக் கெட்டிக்காரன். ஐப்பசி மழையில் ஊருக்குப் போனவன், பாக்கியைக் கட்ட வழியின்றித் திரும்பவே இல்லை. அவனுக்குரிய உதவித்தொகை மார்ச்சில் வந்தது. அப்போது அவன் கொத்தனாருக்குச் சித்தாளாக இருந்தான். இன்றும் கட்டட வேலைதான் செய்கிறான். அவன் கட்டிய சுவர் ஒன்று என் பள்ளியில் இருக்கிறது. நல்ல சுவர்.

அதே ஆண்டில் ஒரு பேராசிரியர், காட்டுமன்னார்கோயில் தந்த தலைவர் எல். இளையபெருமாள் அவர்களின் குழு அறிக்கையை எனக்குப் படிக்கக் கொடுத்தார். 1965இல் அமைக்கப்பட்டு 1969இல் அறிக்கை தந்த அக்குழு, தீண்டாமையோடு நம் மக்களின் பொருளாதாரத்தையும் கல்வியையும் சேர்த்தே ஆராய்ந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தலைமையில் இந்தியா முழுவதற்குமான ஆய்வு நடந்திருக்கிறது என்ற வியப்பே என்னை வரலாற்றுப் பாடத்தோடு பிணைத்தது.

இப்போது விண்ணப்பம் கணினி வழியே போகிறது. தொகை மாணவரின் வங்கிக் கணக்கிற்கே வருகிறது. நல்ல மாற்றம். ஆயினும் சாப்பாட்டுக் கணக்கு சேர்ந்த மாதமே தொடங்கிவிடுகிறது. வெளியூரில் கல்லூரி சேரும் நம் பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாத உணவுச் செலவைக் கடனாகக் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்பப் பெறும் சுழல்நிதி ஒன்றை இந்த வெள்ளி விழா ஆண்டில் தொடங்கவேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முதல் தொகையாக என் ஒரு மாத ஊதியத்தை இம்மேடையிலேயே பொருளாளர் அவர்களிடம் அளிக்கிறேன்.